கடலூர் மாவட்டப் பெண்கள் விடுதிகளை நடத்துவோருக்கு: கரண்டியையும் வாயிற்கதவையும் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகிகளுக்கும், காப்பாளர்களுக்கும், சமையற்கூடப் பொறுப்பாளர்களுக்கும், இவ்விடுதிகளை ஆய்வு செய்யும் மாவட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், தேவனாம்பட்டினம் செல்லும் வழியிலும், சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், நெய்வேலியிலும் விருத்தாசலத்திலும் பெண்களுக்கான விடுதிகளை நடத்திவரும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். நான் இம்மாவட்டத்தில் மனையியல் கற்பிக்கும் ஆசிரியை. சில ஆண்டுகள் விடுதித் துணைக்காப்பாளராகவும் இருந்தவள். உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான். பேச்சுவழக்கில் நீர்க்கட்டி என்றும் மருத்துவச் சீட்டில் பிசிஓடி என்றும் குறிக்கப்படும் சினைப்பைக் கோளாறு உங்கள் விடுதிப் பெண்கள் பலருக்கு இருக்கிறது. அதற்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் வைத்தியம் உணவு மாற்றமும் உடலுழைப்பும். விடுதியில் தங்கியிருக்கும்வரை அவ்விரண்டும் அந்தப் பெண்ணைவிட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கின்றன.

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இப்படியொன்று இருப்பதையே அறியாமலிருக்கக்கூடும் என்றும் அது சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 பேர் தங்கும் விடுதியில் பத்துப் பேரையாவது நீங்கள் எதிர்பார்க்கலாம். மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப்போவதை அறைத்தோழியிடம் மட்டும் சொல்லி வைத்திருப்பவள், மோவாயில் முளைக்கும் முடிக்காக அடிக்கடி பார்லருக்குப் போகிறவள், பிடரியில் படிந்த கருமையை அழுக்கென்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறவள், பரு ஆறாத கன்னத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டே வரிசையில் நிற்கிறவள் ஆகியோரை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சினைப்பையில் வரும் சிக்கலுக்கும் சமையற்கட்டுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1935 இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தபோது, சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுப்பதையே சிகிச்சையாகச் செய்தார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்ணும்போது இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் சுரப்பது இன்சுலின். உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்க்காத நிலை இக்கோளாறுள்ள பெண்கள் பலரிடம் அடியில் இருப்பது பின்னாளில் தெரிந்தது. செவிசாய்க்காத உடலை வழிக்குக் கொண்டுவரக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மைச் சுரப்பை மிகுவிக்கிறது. அதே சமயம், அச்சுரப்பை இரத்தத்தில் கட்டிவைத்திருக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்கும்படியும் செய்துவிடுகிறது. இதனால் முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோகின்றன, முட்டை வெளிப்படுவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஸ்கேனில் சிறு குமிழ்களாகத் தெரிபவை வளர்ச்சி நின்ற அந்த முட்டைப்பைகளே. அவற்றைக் கட்டி என்று நினைத்து அஞ்சவோ வெட்டியெடுக்கவோ தேவையில்லை. ஒல்லியான பெண்ணுக்கும் இது வரும். எடை மிகுந்த பெண்ணாக இருந்தால், உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்குவது பலரிடம் காணப்படுகிறது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ, எட்டக்கூடிய தொலைவுதான்.

இனி உங்கள் சமையற்கட்டுக்கு வருகிறேன். பல விடுதிகளில் நான் கண்ட ஒரு சாதாரண நாள் இப்படி இருக்கும். காலையில் பொங்கல் அல்லது சேமியா உப்புமா. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் அதையும் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சோறோ தக்காளிச் சோறோ, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். மாவுக்கு மாவே துணை. மாலையில் சர்க்கரை கலந்தே அண்டாவில் இறக்கிய தேநீரும் பிஸ்கட்டும், சில நாள் பஜ்ஜியும். இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டா, அதன்மேல் காய் இருந்த அடையாளமே தெரியாத குருமா. நாள் முழுக்கப் பருப்போ முட்டையோ மீனோ வயிற்றுக்குள் போன கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடி தேறுவது கடினம்.

ஒரு விடுதியில் மதிய வரிசையில் நின்ற மாணவி, “அக்கா, சோறு பாதி போதும், பொரியல் ரெண்டு கரண்டி வைங்க” என்று கேட்டாள். பரிமாறிய அம்மாள், “பொரியல் ஆளுக்கு ஒரு கரண்டிதான் பாப்பா, சோறு எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னிருந்த பாத்திரத்தில் முட்டைக்கோசு அவ்வளவுதான் இருந்தது, அன்றைய பந்தியில் இன்னும் முக்கால்வாசிப் பேர் பாக்கி. ஆனால் முதல் நாள்தான் அந்தப் பெண் மருத்துவரைப் பார்த்து, தட்டில் பாதி காயாக இருக்கட்டும் என்ற அறிவுரையை வாங்கி வந்திருந்தாள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களிலும் தட்டின் பாதிக்குக் காயும் பழமும் என்பதே கணக்கு. சோற்றுக்கு அளவில்லை, காய்க்கு அளவுண்டு என்ற உங்கள் விதியைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். இம்மடலில் வேறெதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இதையாவது ஏற்க வேண்டுகிறேன்.

செலவு கூடும் என்பீர்கள். கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் உழவர் சந்தையில் அந்தந்தப் பருவத்துக்கு மலிவாக வரும் புடலை, பீர்க்கு, கத்தரி, கொத்தவரை, சுரை, கீரை என்று மாற்றி மாற்றி வாங்கினால் கூட்டும் பொரியலுமாக இரண்டு வைக்கலாம். ஆண்டு முழுவதும் உருளையையும் முட்டைக்கோசையும் மட்டுமே நம்பியிருக்கும் விடுதிகள் இந்த வசதியை வீணாக்குகின்றன. பஜ்ஜிக்கு ஊற்றும் எண்ணெயைக் கணக்கில் சேர்த்தால் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மாறிவரும் சுண்டல் உங்களுக்கு நட்டம் தராது. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. காலைச் சிற்றுண்டியோடு அவித்த முட்டை வைத்தால், பேருந்துக்கு ஓடுகிறவள்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முதுநகர்த் துறைமுகத்தில் மத்தியும் சூடையும் கானாங்கெளுத்தியும் வந்திறங்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை என்றாலே பொரித்த கோழிதான் என்று எந்த விதியும் இல்லை. மண்சட்டியில் வைத்த மத்திக் குழம்பைப் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள் என்று சமையற்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. முள்ளெடுக்கச் சோம்பல்படுவார்கள், அவ்வளவுதான்.

தேநீரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒரு தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் சர்க்கரை சேர்த்தால் அது ஏறத்தாழ 10 கிராம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, படிக்கும்போது ஒன்று என்று குடித்தாலே 30 கிராம் ஆகிறது. சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஊட்டச்சத்து நிறுவனம். அண்டாவில் சர்க்கரை கலக்காமல் இறக்கிப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். இதற்குக் காசு செலவில்லை, மிச்சம்தான். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று சில விடுதிகள் பெருமையாகச் சொல்கின்றன; நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இன்சுலின் கணக்கில் சர்க்கரைதான்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துத் தவறையும் குறிப்பிடவேண்டும். பிசிஓடி என்றதும் சோற்றை அடியோடு நிறுத்து, பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, பழமே கூடாது என்று செல்பேசிக் காணொளிகள் மிரட்டுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு இரவில் வெறும் வயிற்றோடு படுத்து, பதினொரு மணிக்குப் பசி தாளாமல் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலக நாடுகளின் வல்லுநர்கள் கூடி 2023 இல் புதுப்பித்த வழிகாட்டுதல், இக்கோளாறுக்கு எந்த ஒரு தனி உணவுமுறையும் மற்றொன்றைவிட மேலானது என்று சொல்லச் சான்றில்லை என்றே கூறுகிறது. நம் வீட்டுச் சாப்பாடே போதும், அளவும் சேர்க்கையும் மாறினால். புழுங்கலரிசிச் சோறு ஒரு கிண்ணம், சாம்பாரில் தண்ணீரைவிடப் பருப்பு தூக்கலாக, காய் தாராளமாக, மோர் ஒரு தம்ளர் என்றால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கம்பங்கூழும் விருத்தாசலம் பக்கத்து வரகும் நல்லவைதான். ஆனால் வரகுச் சோற்றை மலைபோல் குவித்தால் அதுவும் மாவுதான். பண்ருட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம், பலாச்சுளைக்கும் இதே கணக்குதான்: இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பிஞ்சுப் பலாக்காயைப் பொரியலாகவோ கூட்டாகவோ செய்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கலாம்.

அடுத்தது உங்கள் வாயிற்கதவு. வயதுவந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடலுழைப்பிலும், வாரத்தில் இருநாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியிலும் ஈடுபடவேண்டும். பதின்வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். மருத்துவர் இதைச் சொல்லி அனுப்புகிறார். கல்லூரி நாலரைக்கு விட்டு, பேருந்து ஊர்சுற்றி ஐந்தரைக்கு வந்துசேர, ஆறு மணிக்கு நீங்கள் கதவைச் சாத்தினால் அவள் எங்கே நடப்பாள்? மொட்டைமாடிக்கும் பல விடுதிகளில் பூட்டு. செல்பேசியில் பேச ஒதுங்குவார்கள் என்ற அச்சம்தான் காரணம். உங்கள் பொறுப்பின் பாரம் எனக்குத் தெரியும். ஒரு பெண் பத்து நிமிடம் தாமதித்தால் துணைக்காப்பாளருக்கு வயிற்றைக் கலக்குவதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆயினும் நாளும் மாலை ஆறிலிருந்து ஏழுவரை விளக்குப் போட்டு மாடியைத் திறந்துவிட்டு, காப்பாளர் ஒருவரும் கூடவே நடந்தால் யாருக்கும் பாதகமில்லை. காப்பாளருக்கும் சர்க்கரை குறையும். இடம் இருக்கும் விடுதியில் ஒரு ஷட்டில் வலையைக் கட்டலாம். வெள்ளிக் கடற்கரைக்கு அருகிலுள்ள விடுதிகள் சனி, ஞாயிறு காலையில் பெண்களைக் குழுவாக அனுப்பிவைக்கலாம். வலுவூட்டும் பயிற்சிக்கு உடற்பயிற்சிக்கூடம் தேவையில்லை: நாற்காலியில் உட்கார்ந்தெழுவதும், சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பதும், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவதும் தொடக்கத்துக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடி ஆகாது. அப்போது தாழ்வாரமும் மாடிப்படியும் இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டை ஒன்பதிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவருவதும் இதோடு சேர்ந்ததே. உண்டவுடன் படுக்காமல் சற்று நடக்கலாம், நேரத்தோடு உறங்கலாம். தூக்கம் கெடும்போது இன்சுலின் கோளாறும் மோசமாகும் என்பதால், நள்ளிரவு தாண்டியும் பொதுக்கூடத்தில் விளக்கெரியவிடும் வழக்கத்தையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நாக்கைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. “இவ்வளவு உடம்பை வச்சுக்கிட்டு ரெண்டாவது தோசையா?” என்று பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு காப்பாளர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு அந்தப் பெண் பந்திக்கு வரவில்லை. அறையில் என்ன தின்றாள் என்று கேட்காதீர்கள். இக்கோளாறுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. மருத்துவர்களே இவற்றையும் விசாரிக்கவேண்டும் என்று அதே 2023 வழிகாட்டுதல் வற்புறுத்துகிறது. மருத்துவரிடம் போக அனுமதி கேட்டு வருகிறவளிடம் காரணத்தைத் துருவாதீர்கள். பதிவேட்டில் நோயின் பெயரை எழுதவைக்காதீர்கள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வதும், குழந்தை பிறக்காது என்று பயமுறுத்துவதும் ஒன்றுபோலத் தவறானவை. திருமணம் இதற்கு மருந்தில்லை; கருத்தரிப்பதற்குச் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்படலாமே தவிர, இக்கோளாறுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள்.

உணவும் நடையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அவை அடித்தளம், அதன்மேல் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார், அவர் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராத பெண், காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். நீண்டகாலம் அப்படியே விட்டால் கருப்பையின் உள்வரிச் சவ்வு தடித்துக்கொண்டே போகும். பல்லாண்டுகளில் அது ஆபத்தாகவும் மாறலாம். மறுபக்கம், பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்ணுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வருவது பல சமயங்களில் இயல்பு. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாதவர்களிடம் ஸ்கேனை வைத்து இக்கோளாறை உறுதிசெய்யக் கூடாதென்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. பதின்மூன்று வயதில் பெரியவளானவள், கல்லூரி முதலாண்டில் எடுத்த ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால், தைராய்டு முதலான மற்ற காரணங்களையும் பார்த்துச் சொல்லக்கூடிய மகளிர் மருத்துவரிடம் அவளை அனுப்பிவையுங்கள். இக்கோளாறு உறுதியானவர்களுக்கு, வயது குறைவாக இருந்தாலும், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு சாப்பிடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அதை விரும்புகிறவர்கள் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, அளவு கேட்டு எடுத்துக்கொள்ளட்டும், மற்ற மருத்துவரிடமும் சொல்லிவிடட்டும். ஒரே மாதத்தில் நீர்க்கட்டி கரையும் என்ற துண்டறிக்கைகளை உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட விடாதீர்கள்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதிகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் பெற்றே நடக்கவேண்டும். ஆய்வுக்கு வரும்போது கேமராவையும் தீயணைப்புக் கருவியையும் கழிவறை எண்ணிக்கையையும் பார்க்கிறீர்கள், பார்க்கத்தான் வேண்டும். அதோடு வாராந்திர உணவுப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடக்கவும் விளையாடவும் இடமும் நேரமும் உண்டா என்று தங்கியிருப்பவர்களிடமே தனியாக விசாரியுங்கள். அரசு நடத்தும் மாணவியர் விடுதிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தவேண்டும். விடுதியிருக்கும் தெருக்களில் எரியாத விளக்குகளைச் சரிசெய்து தருவது அந்தந்த ஊர் நிர்வாகத்தின் வேலை; அது நடந்தால் கதவை ஒரு மணி நேரம் தாமதித்துச் சாத்த நிர்வாகிகளுக்குத் துணிவு வரும்.

வரும் ஜூனில் புதிய பெண்கள் பெட்டியோடு வந்திறங்குமுன் உங்கள் உணவுப் பட்டியலையும் மாதாந்திர மளிகைக் கணக்கையும் ஏதேனும் ஒரு கல்லூரியின் மனையியல் துறைக்குக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் செலவுக்குள்ளேயே அதை மாற்றியமைத்துத் தர நானும் என் மாணவியரும் தயாராக இருக்கிறோம். அவர்களுக்கு அது செய்முறைத் தேர்வுக்கும் உதவும். முதல் மாதம் தேநீரும் பொரியலும் மட்டும் மாறட்டும். சுண்டலையும் மாடிச் சாவியையும் இரண்டாம் மாதம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு மனையியல் ஆசிரியை